ஆறாம் நம்பர் ரப்பர் பூட்ஸ்

“ஆமா, நான்தான் போகச் சொன்னேன். ஒழுங்கா சோறு பொங்கத் தெரியாதவளுக்கு இந்த வூட்ல இன்னா வேலை?”

படப்பை தெருக்குழாயடியில் குடத்தை வைத்தபடி ஜெயம் இப்படிச் சொன்னதும், வரிசையில் நின்ற பெண்கள் குடங்களை இறக்கி வைத்துவிட்டு நெருங்கி வந்தார்கள்.

ஷிஃப்ட் முடிந்து செல்போன் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வந்த இசக்கிசெல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜெயத்தின் வீட்டு மாடியில்தான் அவள் வாடகைக்கு இருக்கிறாள். கீழே ஒரு நாளும் சண்டைச் சத்தம் கேட்டதில்லை. மருமகள் யுவஸ்ரீ பெட்டியோடு போய் ஒரு வாரமாகிறது, அம்மா வீட்டுக்கு என்று நினைத்திருந்தாள். துரத்திவிட்டிருக்கிறார்கள் என்று இப்போதுதானே தெரிகிறது. அமுக்கமான பொம்பளை.

அதுவும் எந்த நேரத்தில்!

யுவஸ்ரீக்கும் அதே கம்பெனிதான், குவாலிட்டி செக்கிங்கில். விலங்கியல் படித்த பெண். மனசு முழுக்கக் குதிரை. பஸ்ஸில் எல்லோரும் வாய் பிளந்து தூங்குவார்கள், அவள் மட்டும் குதிரைப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

ஒரு தடவை ஒரகடம் கூட்ரோட்டில் கல்யாண ஊர்வலத்துக் குதிரை ஒன்று நகர மாட்டேன் என்று நின்றது. குதிரைக்காரன் சவுக்கை ஓங்கினான். “நடையப் பாரு இசக்கி, முன்னங்கால்ல ஏதோ குத்தியிருக்கு” என்று ஜன்னல் வழியாகவே சொன்னவள், பஸ்ஸை விட்டு இறங்கியேவிட்டாள். குளம்பைத் தூக்கிப் பார்த்தால், விரல் நீளத்துக்கு லாரி ஆணி. அன்றைக்கு அவளுக்கு அரை நாள் ஆப்சென்ட். “போனா போவுது” என்று சிரித்தாள்.

எப்பேர்ப்பட்ட பெண்!

புனே பக்கத்தில் ஒரு காலேஜில் குதிரைப் பராமரிப்புக்கு மேற்படிப்பு, இரண்டு வருஷம். சீட் கிடைத்த கடிதத்தை இசக்கிசெல்வியிடம் மட்டும்தான் காட்டியிருந்தாள். “பதினைஞ்சாம் தேதிக்குள்ள சேரணும். அத்தைகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல.”

இன்றைக்குத் தேதி இருபது. போன் போட்டால் ஸ்விட்ச் ஆஃப். கம்பெனியிலும் வேலையை விட்டுவிட்டதாக எழுதிக் கொடுத்திருக்கிறாள். எழுத வைத்திருப்பார்கள்.

அதற்கப்புறம் தெருவே ஜெயத்தை வறுத்தெடுத்தது.

“கல்யாணமாகி ரெண்டு வருஷம், வயித்துல ஒண்ணும் தங்கல. அதான் அனுப்பிட்டா” என்றாள் எதிர்வீட்டுக் கங்கம்மாள். “பாவம் அந்தப் பொண்ணு. தங்கமான பொண்ணு.”

மகன் ரஞ்சித்துக்கு அம்மா முந்தானை என்று பட்டம். ஜெயம் எதையும் மறுக்கவில்லை. அவள் ஆசையாக நீட்டிய காரக்குழம்புக் கிண்ணத்தை இசக்கிசெல்வி வாங்காமல் மாடி ஏறினாள்.

ஒரு மாதம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை. ஒரு பெரிய அட்டைப்பெட்டியோடு ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள் ஜெயம். காதில் போன். வாயெல்லாம் பல்.

மருமகளைத் துரத்திவிட்டு இந்தச் சிரிப்பா? இசக்கிசெல்வி திடுதிடுவென்று இறங்கி, கதவைக்கூடத் தட்டாமல் உள்ளே போனாள்.

“யுவஸ்ரீ அக்காவுக்கு என்ன ஆசைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? குதிரைன்னா அவங்களுக்கு உசுரு. படிக்க சீட்டு கிடைச்சிருந்துச்சு. பதினைஞ்சாம் தேதியோட அதுவும் போச்சு. ஒரு வாய்ச் சோத்துக்காக அவங்க வாழ்க்கையவே கெடுத்துட்டியளே!”

ஜெயம் எழுந்து போய்க் கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். இசக்கிசெல்வி சுவரோரம் நகர்ந்தாள்.

திரும்பி வந்தவள் பெட்டியைப் பிரித்து ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸை எடுத்து வைத்தாள். முழங்கால் உயரம்.

“ஆறாம் நம்பரு. உனக்கும் அவளுக்கும் ஒரே கால்தானே, போட்டுப் பாரு. அங்க மழையில லாயமெல்லாம் ஒரே சேறா கீதாம்.”

இசக்கிசெல்விக்கு ஒன்றும் ஓடவில்லை. சொன்னபடி காலை நுழைத்தாள்.

“பதினாலாந்தேதியே சேந்துட்டா. ரஞ்சித்துதான் கூட்டினு போய் வுட்டுட்டு வந்தான். நம்பர் மாத்திட்டா. சீட்டு கெடச்ச லெட்டர அரிசி டின்னுல ஒளிச்சு வெச்சிருந்தா இசக்கி. அரிசி அளக்கும்போது கையில மாட்டிச்சு. எனக்குப் பயந்து இவ்ளோ ஆசைய டின்னுல போட்டு மூடிட்டாளேன்னு எனக்கே வெக்கமா பூடுச்சி.”

“அப்போ குழாயடியில அப்படிச் சொன்னது?”

“பின்ன இன்னா சொல்லச் சொல்ற? புருஷன வுட்டுட்டு, வேலைய வுட்டுட்டு குதிரை படிக்கப் போயிட்டான்னா? தானா போனான்னா அவ மேல பழி போடுவாங்க. நான் துரத்துனேன்னா அவ மேல பாவப்படுவாங்க. நாளைக்கு அவ இந்தத் தெருவுலதானே நடக்கணும்?”

இசக்கிசெல்வி நின்றபடியே அழுதாள்.

“ஊர் வாய மூட உலைமூடி ஏது? மெல்றதுக்கு எதுனா குடுத்தாத்தான் சும்மா கெடக்கும். அதான் என்னையே குடுத்துட்டேன்.”

“இருங்கம்மா. நான் போய் எல்லார்ட்டயும் சொல்லுதேன், நீங்க எப்பேர்ப்பட்டவுகன்னு.” பூட்ஸோடு கதவுக்கு ஓடினாள்.

ஜெயம் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாயத் தொறந்த, மாடியக் காலி பண்ண வெச்சிருவேன். பூட்ஸைக் கழட்டு, பார்சல் கட்டணும். அவ படிச்சு முடிக்கிற வரைக்கும் எனக்கு இந்தக் கெட்ட பேரு வேணும்.”