அடுத்த வசனம்

மச்சான் ஓதுவதைப் பாதியில் நிறுத்திவிட்டார்.

வெள்ளிக்கிழமைத் தொழுகை. முன்னால் இமாமாக நிற்பவர் என் அக்கா வீட்டுக்காரர். அவர் முதுகுக்கு நேர் பின்னே, முதல் வரிசையில், பாங்கு சொல்லும் நான். பள்ளிவாசல் கொள்ளாத கூட்டம். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது.

இமாம் தடுமாறினால் பின்னால் நிற்பவர் அடுத்த வசனத்தை எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்றே மனப்பாடம் உள்ள ஆளை அங்கே நிறுத்துவார்கள். முன்பு அந்த இடத்தில் நின்றவன் மச்சானின் மகன். தகப்பன் மூச்சு வாங்கினாலே எடுத்துக் கொடுத்துவிடுவான். அப்படி ஒரு அவசரக்குடுக்கை.

பிறகு அவன் பள்ளிவாசலுக்கு வருவதை நிறுத்தினான். தொழுவதையும். மச்சான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார். சொந்தப் பிள்ளையை வழிக்குக் கொண்டுவரத் துப்பில்லை, இவர் நமக்கு இமாமா என்று காதோடு காதாகப் பேச்சு.

செவ்வாய்க்கிழமை அவனை அடக்கம் செய்தோம். பைக்கில் போனவனை லாரி அடித்துவிட்டது.

எனக்கு இன்னும் அழுகை வரவில்லை. மரத்துப் போன காலைக் கிள்ளிப் பார்ப்பதுபோல அவ்வப்போது அவன் பேரைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றும் வலிக்கவில்லை.

மச்சானும் அழவில்லை. இன்றைக்கு வேறு ஆளை வைத்துக்கொள்ளலாம் என்றோம், கேட்கவில்லை. பஸ் புறப்படும் நேரத்தை அறிவிக்கிற குரலில் பிரசங்கம் செய்தார். நபிமார்கள் மக்களுக்குத் தலைவர்கள், ஆனால் வழி காட்டத்தான் வந்தார்கள், கழுத்தைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போக அல்ல என்றார். நூஹ் நபி எல்லாரையும் கப்பலுக்குக் கூப்பிட்டார், பெற்ற மகனையும் கூப்பிட்டார், அவன் ஏறவில்லை, வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றார்.

தொழுகையிலும் அதையேதான் ஓதினார். வெள்ளம் வடிந்த பிறகு, அவன் என் குடும்பத்துப் பிள்ளை அல்லவா என்று நூஹ் நபி இறைவனிடம் முறையிடும் இடம்.

அங்கேதான் நின்றுவிட்டார்.

அடுத்த வசனம் எனக்குத் தெரியும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பின்வரிசையில் யாரோ செருமினார்கள். வாயைத் திறந்தேன். நாக்கு எழவில்லை.

மச்சான் காத்திருந்தார். பிறகு அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லிக் குனிந்தார். ஓதிய வரைக்கும் போதும், தொழுகை கூடிவிடும்.

முடிந்ததும் பள்ளிவாசல் தலைவர் வாசலில் வந்து அவர் தோளைத் தொட்டார்.

"பரவாயில்ல ஹஜ்ரத், மனசு சரியில்லாதப்ப மறக்கத்தான் செய்யும்."

மச்சான் தலையாட்டினார்.

மறதியாவது ஒன்றாவது. நூஹ் நபிக்கு வந்த பதில்தான் அடுத்த வசனம். அவன் உன் குடும்பத்தவன் இல்லை என்று.

செருப்பை மாட்டிக்கொண்டே மச்சான் கேட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உனக்கு ஞாபகம் இருந்துச்சுல்ல?"

"இல்ல மச்சான். மறந்துட்டேன்."