இரண்டு கோடு இடைவெளி

"அப்பா, செம மழை. லாரிங்க தண்ணியை வாரி கண்ணாடியில அடிக்குது. பயமா இருக்கு."

லைசென்ஸ் வாங்கியபின் முதல்முறை தனியாக லியோனுக்குக் கிளம்பிய க்ளோதில்ட், மாகோன் அருகே நெடுஞ்சாலை ஓய்விடத்தில் காரை நிறுத்திவிட்டுப் போனில் பேசினாள்.

ரெஜிஸ் சிரித்தார். நெடுஞ்சாலைகளுக்கு வெள்ளைக்கோடு போடுவதுதான் முப்பது வருடமாக அவர் வேலை.

"ஓரத்துல நீளநீளமா கோடு தெரியுதில்ல? உனக்கும் முன்னாடி போற வண்டிக்கும் நடுவுல ஒரே ஒரு கோடு இருந்தா?"

"ஆபத்து. ரெண்டு இருந்தா பத்திரம். சின்ன வயசுலேர்ந்து இதையே சொல்லி உயிரை எடுக்குறியேப்பா!"

"அப்புறம் என்ன பயம்? அங்கேருந்து லியோன் வரைக்கும் போன வாரம் நான் போட்ட கோடு. கண்ணை மூடிட்டு நம்பலாம். ஓட்டும்போது மட்டும் போனைத் தொடாதே. நானே கூப்பிட்டாலும் எடுக்காதே."

"உத்தரவு, முதலாளி!" அவள் கிளம்பிவிட்டாள்.

பத்து நிமிடம் கழித்து, கோடு போடும் எந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த உதவியாள் கமெல் கூப்பிட்டான்.

"ரெஜிஸ், இங்க வா. கோட்டு நீளம் இருபது மீட்டர்லயே நிக்குதே?"

"அது ஊர்ச்சாலைக்கு வெச்ச அளவு. நெடுஞ்சாலைக்கு முப்பத்தொன்பது."

"அதுதான் கேக்குறேன். போன வாரம் நெடுஞ்சாலைக்குப் போறப்போ இதை யாரு முப்பத்தொன்பதுக்கு மாத்தினது?"

ரெஜிஸ் குனிந்து எந்திரத்தின் அளவைப் பார்த்தார். போனை எடுத்து மகளை அழைத்தார். மணி அடித்தது. மறுபடி அழைத்தார். அடித்துக்கொண்டே இருந்தது.

க்ளோதில்ட் அப்பா பேச்சைத் தட்டாத பெண்.