அங்கன வெட்டாத கத்தரி

“அண்ணாச்சி, உங்க வைரம் கள்ள வைரமாக்கும்.”

கடையில் நாலு பேர் நிற்கும்போது உலகம்மாள் இப்படிச் சொன்னால் எனக்கு எப்படி இருக்கும்? முக்கூடல் பஜாரில் இருபது வருடமாக இரும்புக்கடை வைத்திருக்கிறேன். ஆணி வளைந்துவிட்டது என்றுகூட ஒருத்தர் திரும்பி வந்ததில்லை.

இந்த அம்மாள் வருவது இது மூன்றாவது தடவை.

முதலில் கத்தரி தீட்டுவதற்குப் பேனா மாதிரி இருக்கும் சாணையை வாங்கிப் போனாள். வைரத்தூள் பூசிய கம்பி. மூடியைப் போட்டு இடுப்பில் செருகிக்கொள்ளலாம். சரியில்லை என்று வந்தாள். அடுத்து ஏடிஎம் அட்டை அளவில் ஒரு தகடு கொடுத்தேன். அதுவும் சரியில்லையாம்.

இன்றைக்குக் கத்தரியையும், ஈரத்துணியில் சுற்றிய பீடி இலையையும் எடுத்துக்கொண்டு, கூடவே மருமகள் இசக்கிச்செல்வியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். கல்யாணமாகி நாற்பது நாள்தான் ஆகிறது. பிள்ளை தலையை நிமிர்த்தவே இல்லை.

நான் மூன்றாவது ரகத்தை எடுத்தேன். மடக்குச் சாணை. ஒரு பக்கம் சொரசொரப்பு, மறுபக்கம் நைஸ்.

“உள்பக்கம் தேய்ச்சியளா? கத்தரிக்குச் சரிவுல மட்டுந்தான் தேய்க்கணும்.”

“பத்து வயசுல இருந்து பீடி சுத்துதேன். எனக்கா பாடம் நடத்துதீங்க?”

சரிவில் நாலு இழுப்பு இழுத்தேன். ஓர் இலையை எடுத்து வெட்டினேன். சரக்கென்று இறங்கியது. ஓரம் அவ்வளவு சுத்தம். உலகம்மாள் வாங்கி ஒன்று வெட்டினாள். அதுவும் சுத்தம்.

“இங்கன வெட்டுது. அங்கன வெட்டமாட்டேங்கு,” என்று துணிக்குள்ளிருந்து வீட்டில் வெட்டிய துண்டுகளை எடுத்துப் பரப்பினாள். எல்லாம் ஓரம் மடங்கி, நார் நாராய்க் கிழிந்து கிடந்தன.

எனக்கிருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அதே கத்தரி, அதே இலை, அதே வைரம். கடையில் வெட்டுகிறது, வீட்டில் மெல்லுகிறது. இது என்ன மாயம் என்று தெரியாமல் இனி எனக்குச் சோறு இறங்காது.

உலகம்மாளுக்கு அது வேடிக்கை இல்லை. ‘பிள்ளை ஒரு நாளைக்கு எண்ணூறு பீடி சுத்துவாள்’ என்று சொல்லித்தான் கட்டிக் கொடுத்தார்களாம். இங்கே முந்நூறு தாண்டவில்லை. அதிலும் பாதியைப் பீடிக்கடையில் கழித்துவிடுகிறார்கள். ஏமாந்துபோனாய் என்று தெருவே சொல்கிறது. பழி இப்போதைக்குக் கத்தரி மேல் நிற்கிறது. கத்தரி நல்லது என்று நான் சொல்லிவிட்டால் அது நேரே பிள்ளை தலையில்தான் போய் விழும்.

“ஏட்டி, நீ ஒண்ணு வெட்டிக் காட்டு,” என்றாள் உலகம்மாள்.

இசக்கிச்செல்வி கத்தரியை எடுத்தாள். வலக்கையில் மாட்டினாள். கோணல்மாணலாக வெட்டினாள். ஆனால் ஓரம் சுத்தமாகத்தான் இருந்தது.

“அம்மா வீட்டுல எண்ணூறு எப்படித் தாயி சுத்துன?”

“அங்க அக்கா வெட்டுவா, நான் சுத்துவேன்,” என்றாள். எனக்கே பாதிதான் கேட்டது.

“இங்க சுவரைப் பாத்து உக்காந்துல்லா வெட்டுதா! ஏன்னு கேட்டா வெளிச்சம்ங்கா,” என்றாள் உலகம்மாள்.

பிள்ளை சிதறிய இலைகளைக் குவித்தாள். அப்போதுதான் பார்த்தேன். கத்தரி வளையம் அழுத்திக் கன்றிப்போன சிவப்புத் தடம், பெருவிரல் அடியில். வலக்கையில் இல்லை. இடக்கையில்.

அட, இவ்வளவுதானா! வலக்கைக் கத்தரியை இடக்கையால் பிடித்தால் அலகு இரண்டும் விலகி இலையை மடக்கத்தான் செய்யும். எத்தனை வைரம் போட்டுத் தேய்த்தாலும் நடக்காது.

சந்தோஷத்தில் கத்தியிருப்பேன். நல்லவேளை, நாக்கைக் கடித்துக்கொண்டேன். எங்கள் பக்கம் புதுப்பெண் இடக்கையால் ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினாலே போதும், பீச்சாங்கைக்காரி வீட்டுக்கு ஆகமாட்டாள் என்று ஆரம்பித்துவிடுவார்கள். அந்தப் பயத்தில்தான் இந்தப் பிள்ளை நாற்பது நாளாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். பாவமாக இருந்தது.

இடக்கைக் கத்தரி என்று வாய்விடாமல் பொய் சொன்னேன்.

“சாணையில கோளாறு இல்லம்மா. கத்தரி ரகந்தான் சரியில்ல. அலகு மாறி இருக்குத மாதிரி ஒரு ரகம் வருது. மதுரையில சொன்னா அனுப்பிருவாங்க. பேசாம அதுல ஒண்ணு சொல்லுதேன்.”

உலகம்மாள் என்னைப் பார்த்தாள். பிறகு மருமகளின் இடக்கையைப் பார்த்தாள். பிள்ளை கையைச் சேலைத் தலைப்புக்குள் இழுத்துக்கொண்டாள். கண் நிறைந்துவிட்டது.

போச்சு, என் பொய் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. ஒரு குடும்பத்தைக் கெடுத்துவிட்டேன்.

“ரெண்டாச் சொல்லுங்க,” என்றாள் உலகம்மாள்.

“ஒரு பிள்ளைக்கு எதுக்கும்மா ரெண்டு?”

அவள் மருமகளின் கையைத் தலைப்புக்குள்ளிருந்து வெளியே எடுத்து, தன் இடக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

“எங்க மாமியா செத்து ஒம்பது வருசம் ஆச்சு, அண்ணாச்சி. இன்னும் யாருக்குப் பயந்து நான் வலக்கையால வெட்டணும்?”