ஆள்பலம்

"பொன்னுத்துரை அண்ணே, கொஞ்சம் மெதுவா. அது கீபோர்டு, கொத்துக் கல்லு இல்ல."

கலாராணி கெஞ்சாத குறைதான். பொன்னுத்துரை கீழே இருக்கும் ஹோட்டலில் கொத்து ரொட்டி போடுகிறவர். இரண்டு கையாலும் தடதடவென்று தட்டித்தான் அவருக்குப் பழக்கம். இன்று மட்டும் அவர் சொஃப்ட்வெயார் எஞ்சினியர். பக்கத்து மேசையில் டை கட்டி உட்கார்ந்திருந்த றிஸ்கான் அதே ஹோட்டலில் மேசைக்கு மேசை தேத்தண்ணி கொண்டு போகிறவன். அவனும் எஞ்சினியர்தான்.

வேறு என்ன செய்வது? மாத்தளை டவுனில், ஹோட்டலுக்கு மேல்மாடியில் கலாராணி ஆசை ஆசையாகத் திறந்த கம்பெனி இது. கம்பெனி என்றால் அவளும் தம்பி திலீபனும்தான். அவள் புரோகிராம் எழுதுவாள், மற்ற எல்லாமே திலீபன். வந்த வாடிக்கையாளர் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள்: "ரெண்டு பேர்தானா? ரெண்டு பேருக்கும் ஒண்ணா காய்ச்சல் வந்தா எங்க கடை என்ன ஆகிறது?"

இன்று பேச வருகிறவரின் ஓர்டரும் கைநழுவினால் கதவைப் பூட்டிவிட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போக வேண்டியதுதான். 

அதனால்தான் ஹோட்டல் முதலாளி றஹீம் நானாவிடம் ஆள் கேட்டாள். அவருக்கு யார் வந்து கேட்டாலும் இல்லை என்று சொல்ல வாய் வராது. "முன்னுக்கு நிக்கிற ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ மகள். குசினில சமைக்கிறவங்கள வெச்சு நான் சமாளிக்கிறேன்" என்று அனுப்பிவிட்டார்.

"அக்கா, வந்துட்டாங்க" என்றான் திலீபன்.

நாவுலயிலிருந்து முஸம்மில் ஹாஜியார் வந்தார். தனியாக வரவில்லை. பின்னால் ஒரு மெனேஜர், அவருக்குப் பின்னால் ஒரு கணக்காளர். இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை. பெரிய இடத்து ஆட்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்று கலாராணி நினைத்துக்கொண்டாள். அவர்களைக் கண்டதும் பொன்னுத்துரையும் றிஸ்கானும் கீபோர்டுக்குள் முகத்தைப் புதைத்தார்கள்.

அறைக்குள் வதக்கிய வெங்காய வாசம் குப்பென்று அடித்தது. பொன்னுத்துரையின் சட்டை காட்டிக் கொடுக்கப் போகிறது என்று பயந்து ஃபேனை முழு வேகத்தில் போட்டாள். வாசம் போவதாக இல்லை.

"எங்க கடைக்கு நாலஞ்சு கிளை ஈக்கு மகள்" என்று ஹாஜியார் நாற்காலியில் சாய்ந்தார். "பில் போட சொஃப்ட்வெயார் வேணும். தமிழ், சிங்களம், இங்கிலீஷ் மூணுலயும் வரணும். கரண்ட் போனாலும் ஓடணும்."

"பெட்டரி இருந்தா ஓடும் ஹாஜியார்."

"பெட்டரியும் இல்லாட்டி?"

கலாராணி நோட்டில் குறித்துக்கொண்டாள். "பார்ப்போம்."

"எலி வந்தாலும் சொல்லணும்."

"எலியா?"

"அரிசி மூட்டைக்கு எலி வந்தா என்ட போனுக்கு மெசேஜ் வரணும். கொம்பியூட்டர்தானே, அதுக்குத் தெரியாதா?"

"அது அடுத்த வேர்ஷன்ல வருது" என்றான் திலீபன், கொஞ்சமும் கூசாமல்.

"எப்ப முடியும்?"

"மூணு மாசமாவது எடுக்கும்" என்றாள் கலாராணி.

"வெள்ளிக்கிழம ஏலாதா? டைப் பண்றதுதானே." ஹாஜியார் பொன்னுத்துரையைக் காட்டினார். "அவர் அடிக்கிற வேகத்துக்கு இன்னைக்கே முடியும் போல."

பொன்னுத்துரைக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கீபோர்டில் அசல் கொத்துத் தாளமே புறப்பட்டது. டக்கட டக்கட டக். மேசையில் இருந்த மெனேஜரின் விரல்களும் கூடவே தாளம் போட்டன. ஹாஜியார் இருமினார். விரல்கள் நின்றன.

திலீபன் எல்லோருக்கும் தேத்தண்ணி கொடுத்தான். குடித்து முடிந்ததும் றிஸ்கான் பழக்க தோஷத்தில் கோப்பை எடுக்க எழுந்தான். கலாராணி கண்ணாலேயே உட்கார வைத்தாள். அதற்குள் ஹாஜியாரின் கணக்காளர் கோப்பைகளை அடுக்கி, மேசையையும் தன் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். எவ்வளவு பணிவான மனுஷன் என்று அவளுக்கு மனசு நெகிழ்ந்தது.

"நீங்க என்ன சொல்றீங்க மெனேஜர்?" என்று கேட்டார் ஹாஜியார்.

"பதமாத்தான் ஈக்கு" என்று மெனேஜர் முதல் தடவையாக வாய் திறந்தார்.

"அப்ப சரி, ஓர்டர் உங்களுக்குத்தான். இத்தனை ஆள் வேலை செய்ற இடம்னா பயமில்ல."

கலாராணிக்குத் தலைகால் புரியவில்லை. திலீபன் மேசைக்குக் கீழே அவள் காலை மிதித்துத் தன் சந்தோஷத்தைத் தெரிவித்தான்.

அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டிலிருந்து றஹீம் நானாவின் குரல் கேட்டது. "கலா, தம்புள்ளைக்குப் போற பஸ் ஒண்ணு வந்து நிக்குது மகள், நிறைய ஆள். உன்ட எஞ்சினியர் ரெண்டு பேரையும் கீழ அனுப்பு. கொத்துப் போட ஆளில்ல."

பொன்னுத்துரை தலையைக் குனிந்துகொண்டார். ஃபேன் மட்டும் வெட்கமில்லாமல் சுற்றியது.

"மன்னிச்சிருங்க ஹாஜியார்." கலாராணி ஃபேனை நிறுத்தினாள். "கம்பெனின்னா நானும் தம்பியும்தான். நீங்க பெரிய வியாபாரி. சின்ன இடம்னு தெரிஞ்சா திரும்பிப் போயிருவீங்கன்னுதான் இப்படிச் செஞ்சோம்."

ஹாஜியார் முகம் ஒரு மாதிரியாகி எழுந்துவிட்டார். ஓர்டர் போயே போய்விட்டது என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

வாசலில் றஹீம் நானாவின் தலை தெரிந்தது.

"ஹாஜியாரும் இங்கதானா? நல்லதாப் போச்சு. நீங்க என்ட குசினில இருந்து கேட்டுக் கூட்டிட்டு வந்த மெனேஜரையும் கணக்காளரையும் அப்படியே விடுங்க. அடுப்புல கறி கிடக்கு, கோப்பை கழுவவும் ஆளில்ல."

நாலு பேரும் ஒன்றாக முண்டியடித்துப் படியிறங்க, ஹாஜியார் மெதுவாக மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஒரே ஒரு கடைதான் மகள், சின்ன ஆள்னா நீங்க என்ட போனையே எடுக்க மாட்டீங்கன்னு பயந்துட்டேன்" என்றார். "எலிய நானே பார்த்துக்கிறேன், பில்லை மட்டும் நீங்க செஞ்சு தாங்க."