பேண்டு நின்னா

எல்லாரும் சௌக்கியமா இருக்கீங்களா கண்ணுங்களா? நம்ம குதிரைக் காப்பகத்துல ரோசான்னு ஒரு குதிரை. கல்யாண ஊர்வலத்துல ஆடுனது. கால் வீங்கிப் புண்ணானதும் ஓனர் நம்ம கேட்டுல கட்டிட்டு ஓடிட்டான். இன்னிக்குப் படுத்துடுச்சு. "படுத்தே கெடந்தா பொழைக்காதும்மா"ன்னுட்டார் டாக்டர். தூக்கிப் பார்த்தோம், கெஞ்சிப் பார்த்தோம், அசையல. குதிரை பார்த்துக்குற பக்கிரி, "இருங்கம்மா, மாப்பிள்ளையைக் கூப்பிடுறேன்"னு தன் போன்ல கல்யாண பேண்டு போட்டார். எந்திரிச்சுடுச்சு! ஆனா ஆடுதே. அந்தக் காலையே தூக்கித் தூக்கி ஆடுது, ரத்தமா வழியுது. "நிறுத்துய்யா!"ன்னேன். நிறுத்தினா முட்டி மடங்குது. மறுபடி போட்டார், மறுபடி ஆடுது. பக்கிரி அழுவுறார். உங்க வீட்டு ஜீவனுக்கு இப்படி ஆனப்ப என்ன செஞ்சீங்க? சீக்கிரம் எழுதுங்க, அவர் போன்ல சார்ஜ் எறங்குது.