திரை நிறைய இழு

"கறுப்புப் பட்டையும் வேணாம், ஒண்ணும் வேணாம். திரை நிறைய இழு லா," என்றார் ராஜசேகரன்.

லோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மலேசியாவின் பாசிர் கூடாங் தொழிலாளர் மன்றத்தின் குடும்ப தினத்துக்காக அவள் ஆசை ஆசையாகச் செய்த கேம் அது. தலைவர் ராஜசேகரன் வீடு வீடாகப் போய் எடுத்துக் கொடுத்த புகைப்படங்களிலிருந்து மன்றத்து ஆட்களை வெட்டி எடுத்து, கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு எல்லாரும் துரத்தி ஓடுவதுபோல் அமைத்திருந்தாள். பிரௌசரில் திறந்தால் போதும், விளையாடலாம்.

மண்டபத்துத் திரைதான் வம்பு. அது ரொம்ப அகலம், கேமோ கிட்டத்தட்டச் சதுரம். உருவம் கெடாமல் பெரிதாக்கினால் இரண்டு பக்கமும் கறுப்பாகக் காலி இடம் விழும். அகலத்துக்கு இழுத்தாலோ அத்தனை பேரும் பூசணிக்காய்.

இதைப் பொறுமையாகத்தான் விளக்கினாள். காலி இடத்தில் செம்பனை மரங்களை வரைந்துவிட்டால் திரையும் நிறையும், ஆட்களும் ஆட்களாகவே இருப்பார்கள் என்றாள். வரைந்தும் காட்டினாள். மனிதர் அதைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

"அங்கிள், இதைப் பார்த்து நாலு பேர் எனக்கு வேலை குடுப்பாங்கன்னு இருக்கேன். இப்படி இழுத்தா எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நினைப்பாங்க."

"நினைச்சா நினைச்சிட்டுப் போறாங்க. இழு."

தலைவருக்கு ஏற்கெனவே தாராளமான தொப்பை. நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று லோஷினி இழுத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபமே சிரிப்பில் குலுங்கியது. திரையில் முதலில் வந்தவர் ராஜசேகரன். ஓடினார் என்பதைவிட உருண்டார் என்பதே சரி. அவர் மனைவி பிரேமலாவே கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். லோஷினிக்கு உள்ளூரக் குஷிதான். ஆனால் பின்வரிசையில் யாரோ, "அலமாக், யாரு லா இதைச் செஞ்சது?" என்று கேட்டதும் முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்து ஓடி வந்தவர் மட்டும் கச்சிதமாக இருந்தார். வெட்டி எடுத்தபோது ஒடிசலாக இருந்த ஆள் அவர்.

முன்வரிசையில் எலும்பும் தோலுமாக ஒருவர் எழுந்து நின்றார். திரையில் ஓடிய அதே ஆள், பஸ் டிரைவர் காளிதாஸ். நோயில் விழுந்து பாதியாகிப் போனவர் என்றும், யாராவது பார்த்து உச்சுக்கொட்டுவார்களோ என்று வீட்டைவிட்டு வெளியே வராதவர் என்றும் பிரேமலா மெல்லச் சொன்னார். இன்றைக்கு ராஜசேகரன்தான் போய்ப் பிடிவாதமாக அழைத்து வந்தாராம்.

"டேய் ராஜா, எல்லாரும் ஊதிப் போயிட்டீங்க. நான் மட்டும்தான்டா பழையபடி இருக்கேன்," என்று காளிதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ராஜசேகரன் லோஷினியின் பக்கம் குனிந்தார். "அவனை மட்டும் குண்டாக்கினா பாவம் பாக்கிறோம்னு கண்டுபிடிச்சிடுவான்ம்மா. எல்லாரையும் ஆக்கிட்டா பழியை உன்மேல போட்டுடலாம்."

சொன்னவர் அப்படியே நிமிர்ந்து மைக்கைப் பிடித்தார். "என்னம்மா கேம் செஞ்சிருக்கே? மனுசங்கள இப்படியா வீங்க வைப்பே?"

மண்டபம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

லோஷினி எழுந்து நின்று, "மன்னிச்சிடுங்க அங்கிள், எனக்கு இவ்ளோதான் செய்யத் தெரியும்," என்றாள்.