ஜீப்பு கெளம்பிருச்சு!

"அண்ணே, மெஷினை நிப்பாட்டுங்க. ஜீப்பு கெளம்பிருச்சு!"

போனில் அந்தப் பெண்குரலைக் கேட்டதுமே நாகசுப்பிரமணியன் எழுந்து நின்றுவிட்டார். விளாங்குடியில் நைட்டி தைத்துக் கடைகளுக்குப் போடும் சின்ன கம்பெனி அவருடையது. ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே மெஷின்கள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன.

"ஞாயித்துக்கிழமை கூடவாம்மா லேபர் இன்ஸ்பெக்டர் வருவாங்க?"

"நல்லாக் கேட்டீக போங்க! ஞாயித்துக்கிழமை ஆளுகளை வேலை வாங்குறீகளான்னு ஞாயித்துக்கிழமை வந்தாத்தானே பாக்க முடியும்? வெரசா ஆளுகளை அனுப்பிவிடுங்க. இன்னொண்ணு, இன்னைக்குக் கூலியைப் பிடிச்சுராதீக. வயிறு எரிஞ்சு எவளாவது மனுப் போட்டான்னா, கேஸு ரெண்டாயிரும்."

டொக்கென்று போனை வைத்துவிட்டாள்.

யார் பெற்ற மகளோ, பத்து நாளாக இப்படி போன் போட்டு உஷார் பண்ணுகிறாள்! பேச்சைக் கேட்டால் எழுமலைப் பக்கம் மாதிரி இருந்தது. லேபர் ஆபீஸில் கூட்டிப் பெருக்குகிற பிள்ளையாக இருக்கும் என்று நாகசுப்பிரமணியனே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பேர் கேட்டால், "பேரு எதுக்குண்ணே, என் வேலைக்கு வேட்டு வச்சுராதீக" என்பாள். கைச்செலவுக்கு ஏதாவது தருகிறேன் என்றால் பேச்சையே மாற்றிவிடுவாள்.

பக்கத்துத் தெரு முறுக்குக் கம்பெனிக்காரர் மேல் கேஸ் போட்டு, மனுஷன் கோர்ட்டு வாசலில் நாள் முழுக்கக் கைகட்டி நின்றதை இவர் கண்ணாலேயே பார்த்திருக்கிறார். தனக்கும் அந்தக் கதி வந்தால் மச்சினன்மார் முகத்தில் எப்படி முழிப்பது? அந்தப் பயம்தான் அவரை ஆட்டிவைத்தது.

"தங்கப்பொண்ணு! ராக்கம்மா! எல்லாரும் எந்திரிங்க. வீட்டுக்குப் போங்க!"

"கூலி மொதலாளி?"

"உண்டும்மா, உண்டு! முதல்ல கெளம்புங்க!"

தங்கப்பொண்ணு நிஜமாகவே பயந்துபோனாள். "மொதலாளி, உடம்புக்கு ஏதும் செய்யுதா?"

அடுத்த ஞாயிறும் போன் வந்தது. அதற்கடுத்த ஞாயிறும் வந்தது. நடுவில் ஒரு நாள், "ஆறு மணிக்கு மேல லைட்டு எரியிற கம்பெனியாப் பாத்து ரவுண்டு வாராக" என்றாள். அன்றிலிருந்து ஆறு அடித்தால் மெயின் சுவிட்சில் இவர் கை இருக்கும். இன்னொரு நாள், "கவர்மெண்டுல நிர்ணயம் பண்ணின கூலியைப் போர்டுல எழுதி மாட்டுங்க. மாட்டுனா மட்டும் போதாது, குடுக்கவும் செய்யணும்" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு கொடுத்தார்.

ஜீப் மட்டும் வந்தபாடில்லை. எல்லாம் தன் சாமர்த்தியம் என்று மனைவி சாரதாம்பாளிடம் பீற்றிக்கொண்டார்.

"உங்க சாமர்த்தியத்தை நீங்கதான் மெச்சிக்கணும். ஆனா ஒண்ணு, தீபாவளி ஆர்டர் இந்தத் தடவை முன்னாடியே முடிஞ்சிருச்சு. ஞாயித்துக்கிழமை படுத்து எந்திரிச்சு வர்ற பிள்ளைங்க, பிரிச்சுத் தைக்கிற வேலையே வைக்கல" என்றாள் சாரதாம்பாள்.

ஒரு திங்கட்கிழமை போன் வரவில்லை. ஜீப் வந்துவிட்டது!

கஞ்சி போட்ட காட்டன் புடவையும் மூக்குக் கண்ணாடியுமாக ஒரு பெண் அதிகாரி இறங்கினார். பின்னாலேயே ஒரு கிளார்க்.

"என் பெயர் ஜெயக்கொடி. தொழிலாளர் ஆய்வாளர். யாரும் வேலையை நிறுத்த வேண்டாம். நீங்கள் மட்டும் வெளியே நில்லுங்கள். முதலாளி பக்கத்தில் இருந்தால் அவர்கள் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்." அளந்து அளந்து ஆபீஸ் தமிழ்.

நாகசுப்பிரமணியனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. போன் வரவில்லை என்றால் அந்தப் புண்ணியவதி மாட்டிக்கொண்டாள் என்றுதானே அர்த்தம்? நம்மால் ஒரு ஏழையின் பிழைப்புப் போச்சே!

உள்ளே கிளார்க் விசாரிப்பது வாசல் வரை கேட்டது.

"வாரத்துல லீவு உண்டாம்மா?"

"ஞாயித்துக்கெழம லீவு சார். அன்னைக்கும் கூலி உண்டு" என்றாள் தங்கப்பொண்ணு.

"சாயங்காலம் எப்ப விடுவாரு?"

"ஆறு மணிக்கு டாண்ணு விட்டுருவாரு. ஒரு தையல் மிச்சம் இருக்குன்னாலும் கேக்க மாட்டாரு, கரண்டை அமத்திருவாரு!"

"கூலி?"

"போர்டுல போட்டிருக்குல்ல, அம்புட்டும் கைக்கு வந்துருது" என்றாள் ராக்கம்மாள். "தங்கமான மொதலாளி சார். மொதல்ல இப்பிடி இல்ல, இப்பத்தான் திருந்திட்டாரு!"

வாசலில் நின்ற தங்கமான முதலாளிக்குத் தலை சுற்றியது. ஒருத்திக்கும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. அத்தனையும் நிஜம்! பொய்க்கு ஆரம்பித்தது எப்போது நிஜமானது என்று அவருக்கே விளங்கவில்லை.

"எல்லாம் சரியாக இருக்கிறது. கேஸ் எதுவும் இல்லை" என்று சொல்லிவிட்டு ஜெயக்கொடி புறப்பட்டார்.

அப்பாடா என்று கும்பிட்டு அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஜீப் வரைக்கும் பின்னாலேயே ஓடினார்.

"மேடம்... உங்க ஆபீஸ்ல கூட்டிப் பெருக்குற பிள்ளையை வேலையை விட்டு எடுத்துறாதீங்க. எனக்கு போன் பண்ணிச் சொன்னதைத் தவிர அவ ஒரு தப்பும் பண்ணல. வேணும்னா என் மேல கேஸைப் போட்டுக்குங்க. கோர்ட்டு வாசல்ல நான் நின்னுக்கிறேன்."

கிளார்க் திருதிருவென்று முழித்தார். "நம்ம ஆபீஸ்ல பெருக்குறது வீரணன் தாத்தால்ல?"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தவர், ஆபீஸ் தமிழை ஓரமாக வைத்துவிட்டுக் கேட்டார்:

"அண்ணே, வார ஞாயித்துக்கிழமையும் நான் எங்காசைப் போட்டு போன் பண்ணணுமா, இல்ல நீங்களே லீவு விட்டுருவீகளா?"